பறவைக்குப் பெயர் வைத்தார்கள்

(வடமாலபேட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாகப் புழங்கும் ஊர் இது. ஒரு பக்கம் திருமலை, மறுபக்கம் திருத்தணி. 1960இல் ஆந்திரத்துக்கும் தமிழகத்துக்கும் நடுவே எல்லைக்கோடு போட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது, நாம் இந்தப் பக்கம் நின்றோம். கோடு போட்டதால் உறவு அறுந்துவிட்டதா? இல்லை. ரயில் நின்றுவிட்டதா? அதுவும் இல்லை. ரேணிகுண்டாவில் ஏறி, நம்மைக் கடந்து, புத்தூர், நகரி, திருத்தணி என்று போனால் அரக்கோணம் வந்துவிடும். என் பேச்சு அந்த அரக்கோணத்திலிருந்து தொடங்குகிறது.

நான் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு கல். இன்னும் நடப்படாத ஒரு கல். அது விமான ஓடுதளத்தின் ஓரத்தில் நிற்க வேண்டிய கல்.

அரக்கோணத்துக்குப் பக்கத்தில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. ஐ.என்.எஸ். ராஜாளி என்று பெயர். 1992இல் கடற்படை அதைத் திறந்தது. வங்கக் கடலையும் இந்துமாக் கடலையும் காவல் காக்கும் பெரிய விமானங்கள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. நம் வயலில் நாற்று நடுகிறவர்கள் எத்தனையோ முறை தலை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தத் தளம் 1992இல் பிறந்ததில்லை. அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால், இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில், அதே சமவெளியில் ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள், ஓடுதளம் கிடந்தது. கிடந்த இடத்தைத்தான் நம் கடற்படை பிறகு எடுத்துச் சீர்செய்துகொண்டது.

ஏன் அங்கே போட்டார்கள்? கடலும் இல்லாத, பகைவனும் வராத இடத்தில் போர் விமானத்துக்கு என்ன வேலை?

1942ஆம் ஆண்டை ஒரு நிமிடம் மனத்தில் கொண்டுவாருங்கள். பிப்ரவரி 15, சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8, ரங்கூன் விழுந்தது. மார்ச் 23, அந்தமானில் ஜப்பானியர் இறங்கினார்கள். ஏப்ரல் 5, கொழும்பில் குண்டு விழுந்தது. அடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. ஏப்ரல் 9, திருகோணமலை. ஐந்தே நாளில் வங்கக் கடலின் மேற்குக் கரை முழுவதும் போர்க்களம் ஆனது! சென்னைப் பட்டணமே காலியாகத் தொடங்கியது. மூட்டை முடிச்சோடு ரயிலேறினார்கள், மாட்டுவண்டி பிடித்தார்கள். பட்டணத்துச் சொந்தக்காரர்கள் திடீரென்று வந்து இறங்கிய அந்தச் சித்திரை மாதத்தை என் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் பதினேழு பேர், ஒரே கிணறு. விமானச் சத்தம் கேட்டால் வாழைத் தோப்பில் குப்புறப் படுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தார்களாம்.

அந்த அச்சத்தில் பிறந்தவைதான் இந்தத் தளங்கள். கடற்கரையிலேயே எல்லா விமானத்தையும் நிறுத்தினால் ஒரே தாக்குதலில் போய்விடும். ஆகவே உள்ளே தள்ளி, சமதரை கிடைத்த இடத்திலெல்லாம், ரயில் பாதைக்குப் பக்கமாக ஓடுதளம் போட்டார்கள். இந்தியா முழுவதும் இருநூறுக்கு மேற்பட்ட தளங்கள் என்று திட்டம் வகுத்தார்கள். அரக்கோணம், சோழவரம், தாம்பரம், பரங்கிமலை, தஞ்சாவூர், சூலூர், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு. இவற்றில் பாதி ஊருக்கு விமானம் என்றால் என்னவென்றே தெரியாது. மானாவாரிக் காட்டில், பனைமரத்துக்கு நடுவே, திடீரென்று ஒரு மைல் நீளத்துக்குக் கறுப்புப் பாதை விரிந்தது.

தண்ணீரில்கூட இறங்கினார்கள், ஐயா! சென்னை குடிக்கும் தண்ணீர் இருக்கிறதே, செங்குன்றத்துப் புழல் ஏரி, அதில் கேட்டலினா என்ற நீர்விமானங்கள் இறங்கி ஏறின. வயிறு படகுபோல இருக்கும், தலைக்குமேல் நீண்ட இறக்கை இருக்கும். எட்டுப் பேர், ஒன்பது பேர் அதில் ஏறுவார்கள். விடியுமுன் ஏரித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழும்பினால், பதினைந்து மணி நேரம், இருபது மணி நேரம் கடலுக்குமேலேயே சுற்றுவார்கள். நீர்மூழ்கியைத் தேடுவார்கள். கடலில் விழுந்த தோழனைத் தேடுவார்கள். பெரும்பாலான நாட்களில் அலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அப்படிப் போன விமானங்களில் சில திரும்பி வரவில்லை.

இலங்கையின் தென்கோடியில் கொக்கல என்று ஓர் ஊர். அங்கேயும் ஒரு காயலில் கேட்டலினாக்கள் இருந்தன. 1942 ஏப்ரல் 4. லியனார்ட் பர்ச்சால் என்ற கனடா நாட்டு விமானி, தன்னோடு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு தென்கிழக்கே போனான். அந்த ஊருக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாலை மங்கும் நேரம். திரும்ப வேண்டிய எல்லைக்கு வந்துவிட்டார்கள். அப்போது கடல் விளிம்பில் ஒரு புள்ளி தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது ஒரு கப்பல் இல்லை, ஒரு கப்பல் படையே வந்துகொண்டிருந்தது. ஓடி ஒளிந்திருக்கலாம். மேகத்துக்குள் புகுந்திருக்கலாம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எத்தனை கப்பல், எந்தத் திசை, என்ன வேகம் என்று எண்ணி, கம்பியில்லாத் தந்தியில் தட்டினார்கள். ஒருமுறை தட்டினார்கள், இரண்டாம் முறை தட்டினார்கள். மூன்றாம் முறை தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்திவிட்டன. ஒன்பது பேரில் மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். ஆறு பேர் சிறைப்பட்டார்கள். அந்தத் தந்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை குண்டு விழுவதற்கு முன்பே துறைமுகத்திலிருந்து பல கப்பல்கள் வெளியேறியிருந்தன.

அவர்கள் கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள். கொக்கல எங்கே, கனடா எங்கே! வந்து இறங்கிய ஊரின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழகுமுன்பே மூன்று பேர் செத்துப்போனார்கள்.

இந்தத் தளங்களின் பெயரில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு, அதை நினைக்கும்போதே எனக்கு நெஞ்சு கனக்கும். பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு வழக்கம். தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பலுக்கு வைப்பதுபோலப் பெயர் வைப்பார்கள். விமானத் தளம் என்றால் பறவைப் பெயர். நம் நாட்டுக்கு வந்ததும் நம் பறவைகளின் பெயரையே தேடி எடுத்தார்கள். தாம்பரம் தளத்துக்கு என்ன பெயர் தெரியுமா? எச்.எம்.எஸ். வல்லூறு! சூலூருக்கு எச்.எம்.எஸ். வைரி. கோயம்புத்தூருக்கு எச்.எம்.எஸ். கருடா. இலங்கையில் புத்தளத்துக்கு ராஜாலியா. எல்லாமே வேட்டைப் பறவைகள். யாரோ ஓர் அதிகாரி, யாரோ ஒரு தமிழரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்க வேண்டும். “இதற்கு உங்கள் மொழியில் என்ன பெயர்?” என்று ஒவ்வொரு பறவையையும் காட்டிக் கேட்டிருக்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்து நம் கடற்படையும் அரக்கோணத்துக்கு ராஜாளி என்றே வைத்தது. அழகான பெயர். பொருத்தமான பெயர். நான் குறை சொல்லவில்லை.

பறவைக்குப் பெயர் வைத்தார்கள். அந்தப் பறவையில் ஏறிப்போய்த் திரும்பாத மனிதனின் பெயர் எங்கே?

தேடிப் பார்ப்போம் வாருங்கள்.

சென்னையில் நந்தம்பாக்கம். பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் ஒரு பெரிய புல்வெளி இருக்கிறது. போர்வீரர் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த எண்ணூற்று ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் அங்கே துயில்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் தனியே பொறிக்கப்பட்டிருக்கின்றன. சில மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை நேரம் நான் போயிருந்தேன். வெளியே பேருந்துச் சத்தம் காதைப் பிளக்கிறது. வாசலைத் தாண்டி இருபது அடி வைத்தால் புல் வெட்டும் வாசனை. ஒரு தோட்டக்காரர் வாளியும் தென்னை நார்ப் பிரஷும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கல்லாக முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, எழுத்துக்குள் படிந்த பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்துவிட்டு ஒரு கை தண்ணீர் ஊற்றுவார். எழுத்து பளிச்சென்று வரும். அடுத்த கல்லுக்கு நகர்வார். சாமிக்கு அபிஷேகம் செய்கிறவர் கையில் இருக்கும் அதே நிதானம்.

அவர் கழுவிவிட்டுப் போன ஒரு கல்லின் முன்னால் நான் நின்றேன். மேலே விமானப்படையின் சின்னம், சிறகு விரித்த பறவை. கீழே எண், பதவி, பெயர். 1944ஆம் ஆண்டின் ஒரு தேதி. வயது 21. அதற்கும் கீழே, வீட்டார் எழுதச் சொன்ன இரண்டு வரி. அந்த இரண்டு வரியை அவன் தாய் எத்தனை முறை எழுதி எழுதிக் கிழித்தாளோ!

எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. அவன் எங்கே இறந்தான்? எந்த ஓடுதளத்திலிருந்து ஏறினான்? எந்த ஊர் மக்கள் ஓடிவந்து அவனைத் தூக்கினார்கள்? எந்தக் காட்டில் முதலில் புதைத்தார்கள்? கல்லில் இல்லை.

ஏன் இல்லை? இந்தத் தோட்டமே 1952இல்தான் உருவானது. தென்னிந்தியாவிலும் கிழக்கிலும் சின்னச் சின்ன ஊர்க் கல்லறைகளிலும் பாசறைக் கல்லறைகளிலும் கிடந்தவர்களை, அங்கே காலகாலத்துக்கும் பராமரிக்க முடியாது என்று கருதி, எடுத்துக்கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். அப்படிச் செய்திராவிட்டால் பல கல்லறைகள் இன்று முட்புதருக்குள் போயிருக்கும். ஆனால் எடுத்த இடத்தில் எதை விட்டுவந்தார்கள்? ஒன்றையும் விடவில்லை. உடல் நந்தம்பாக்கம் வந்தது, ஊரின் நினைவு ஊரிலேயே அழிந்தது.

இது மண்ணில் விழுந்தவன் கதை. கடலில் விழுந்தவனுக்கு? அவனுக்குக் கல்லறை ஏது! அவன் பெயரைப் பார்க்க வேண்டுமானால் சிங்கப்பூர் போக வேண்டும். அங்கே கிராஞ்சி என்ற மேட்டில், விமானத்தின் இறக்கைபோல வடிவம் செய்த ஒரு நினைவுச் சின்னம் 1957இல் திறக்கப்பட்டது. உடல் கிடைக்காத 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் அதன் சுவர்களில் இருக்கின்றன. நடந்துகொண்டே படித்தால் கால் வலிக்கும். நம் நாட்டுப் பெயர்கள் வரிசை வரிசையாக வரும். வங்கக் கடலில் காணாமற்போன விமானிகளும் அங்கேதான். நம் கரையிலிருந்து கிளம்பினவன், நம் கடலில் மூழ்கினவன், அவன் பெயர் கடலுக்கு அந்தப்பக்கம். அங்கே உறவுக்காரர் இருந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவரச் சொல்லுங்கள்.

மூன்றாவது ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு நந்தம்பாக்கமும் இல்லை, கிராஞ்சியும் இல்லை.

அந்த ஓடுதளத்தைப் போட்டவர்கள்!

விமானம் தானாக இறங்காது, தாய்மார்களே. ஒரு மைலுக்கு மேல் நீளமாகத் தரையைச் செதுக்க வேண்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போட வேண்டும். கருங்கல்லை ஜல்லியாக உடைக்க வேண்டும். உடைத்ததைக் கூடையில் அள்ளி, சும்மாடு வைத்துத் தலையில் சுமக்க வேண்டும். திமிசுக்கட்டை போட்டு இடிக்க வேண்டும். இன்றைக்கு இருக்கும் இயந்திரம் அன்றைக்கு இல்லை. ஆணும் பெண்ணும், மடியில் பால்குடிக் குழந்தை கட்டினவளும், பத்து வயதுப் பையனும் சேர்ந்துதான் அந்த வேலையைச் செய்தார்கள். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும், போர் காத்திருக்காது. வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள் எத்தனை பேர்? காலராவில் போனவர்கள் எத்தனை பேர்? மேஸ்திரியின் வருகைப் பதிவில் ஒரு கைநாட்டு. வாரக் கூலி வாங்கியதும் அந்தத் தாளும் முடிந்தது.

அரக்கோணத்துக்கு வேலைக்கு ஆள் எங்கிருந்து போயிருக்கும்? யோசித்துப் பாருங்கள். திருத்தணி, நகரி, புத்தூர், இந்தப் பக்கத்துக் கிராமங்கள். அப்போது ஏது எல்லைக்கோடு? எல்லாம் ஒரே சென்னை மாகாணம். ரயில் நம் வாசலில் போனது.

“வெள்ளைக்காரன் நடத்திய போர்தானே, அவன் ஆள் செத்ததற்கு நாம் ஏன் கல் வைக்க வேண்டும்?” என்று ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. அதே 1942இல்தான் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று நாடு எழுந்தது. நம் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். மலேயாவில் நம் தமிழ்ப் பிள்ளைகள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதையில் நம் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரமாயிரமாக மடிந்தார்கள். இவ்வளவும் உண்மை. இதற்கு நடுவே, சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்கும், சிலர் நாஜிகளையும் ஜப்பானியப் படையையும் எதிர்க்க வேண்டும் என்ற நம்பிக்கைக்கும், இந்தியப் படையில் 25 லட்சம் பேர் சேர்ந்ததும் உண்மை. அவர்களில் 87,000 பேர் திரும்பி வராததும் உண்மை. சென்னைக் கடற்கரையைக் காக்க 1 என்று எண்ணிட்டு ஒரு கரையோரப் பாதுகாப்புப் பிரிவை வைத்தார்களே, அதில் தொண்டர்களாகச் சேர்ந்து பழைய விமானங்களை ஓட்டினவர்கள் நம் பிள்ளைகள். டெல்லியில் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன. மிகச் சரி. அதற்கு முந்தினவன் பெயர் அங்கே இல்லை. செத்தவனிடம் போய் எந்தக் கொடியின் கீழ் செத்தாய் என்று கணக்குக் கேட்கும் வழக்கம் நம் மண்ணில் இல்லை.

நம் மண்ணில் என்ன வழக்கம் இருந்தது? நடுகல்! தமிழில் நடுகல், தெலுங்கில் வீரகல்லு. இந்தச் சித்தூர்ச் சீமை முழுக்க வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் வீரக்கற்கள் நிற்கின்றன. கையில் வில்லோடு, இடையில் குத்துவாளோடு, சில கற்களில் உடம்பெல்லாம் அம்பு தைத்து. நாம் அதை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம், எருமை கட்டுகிறோம், சில இடத்தில் துணி துவைக்கிறோம். அது ஒரு மனிதன். ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன்.

அந்தக் கல்லை நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. முதலில் நல்ல கல்லைத் தேடிக் காண வேண்டும். நாள் பார்த்துத் தொடங்க வேண்டும். நீரில் ஆட்ட வேண்டும். நட வேண்டும். படையல் இட வேண்டும். கடைசியாக வாழ்த்த வேண்டும். இவ்வளவு அக்கறையோடு நட்ட கல்லில் அவன் பெயரும் அவன் செய்ததும் எந்த அரசன் காலம் என்பதும் இருக்கும். அவன் வீழ்ந்த மண்ணை, அவன் காத்த ஊரை ஒட்டியே கல்லை நட்டார்கள். தலைநகரில் கொண்டுபோய் வைக்கவில்லை. அந்த வழியாகப் போகிறவன் நின்று படிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. வீரன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. எசமான் விழுந்த பிறகு அந்த நாய் திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். அதையும் கல்லில் எழுதினார்கள். எழுதினதோடு நின்றார்களா? நாயின் பெயரையும் எழுதினார்கள். கோவிவன்! ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து, இன்று இந்த மண்டபத்தில் அந்த நாயின் பெயரை நாம் சொல்கிறோம்.

ஒரு நாய்க்குப் பெயர் எழுதிய மரபு நம்முடையது. எண்பது ஆண்டுக்கு முன்னால் ஜல்லி சுமந்த ஒரு பெண்ணின் பெயர் நமக்குத் தெரியவில்லை.

இது நடக்காத காரியமா? இல்லை. வேறிடத்தில் செய்துவிட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில், சயாம் ரயில் பாதையில் இறந்த தமிழர்களுக்காக, அங்கிருக்கும் தமிழர்கள் சேர்ந்து நடுகல்லே நட்டிருக்கிறார்கள். அருணாசலப் பிரதேசத்தில் பாசிகாட் என்ற ஊரில், இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோய் மலையில் மோதி இறந்த விமானிகளுக்காக 2023இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். மலைக்காட்டில் வேட்டைக்குப் போனவர்கள் கண்டெடுத்த விமானத் துண்டுகள் அங்கே இருக்கின்றன. எந்த மலையில் விழுந்தானோ அந்த மலைக்குக் கீழேயே நினைவு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, முதல் உலகப் போரில் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் மற்றவர்களுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரைப் பதியாமலே விட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்தாவது கேட்டது. அவர்கள் கணக்கைத் திருத்துகிறார்கள். நாம் எப்போது தொடங்கப்போகிறோம்?

நான் பழங்கதை பேசுவதாக இளைஞர்கள் நினைக்க வேண்டாம். அந்த ஓடுதளங்கள் சாகவில்லை. அவற்றில் ஏறிய பிள்ளைகள் நேற்றுவரை போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வல்லூறு என்று பெயர் வைத்தார்களே, அந்தத் தாம்பரம். 2016 ஜூலை 22. அங்கிருந்து ஏ.என்.-32 விமானம் ஒன்று 29 பேரோடு அந்தமானுக்குக் கிளம்பியது. வங்கக் கடலுக்குமேல் காணாமற்போனது. கப்பல் தேடியது, விமானம் தேடியது, வாரக்கணக்கில் தேடியும் ஒரு துண்டு கிடைக்கவில்லை. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லாக் கருவி ஒன்று கடலடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகளைப் படம் பிடித்தது. கரையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு அப்பால். ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் தண்ணீருக்குக் கீழே! ஏழரை ஆண்டு அந்த வீடுகளில் விளக்கு ஏற்றுவதா, அணைப்பதா என்று தெரியாமல் இருந்திருப்பார்கள். திதி கொடுப்பதா வேண்டாமா என்று தவித்திருப்பார்கள்.

வைரி என்று பெயர் வைத்தார்களே, அந்தச் சூலூர். 2021 டிசம்பர் 8. அங்கிருந்து முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தும் அவர் துணைவியாரும் மற்றவர்களுமாக 14 பேர் ஹெலிகாப்டரில் வெலிங்டனுக்குக் கிளம்பினார்கள். குன்னூர்ப் பக்கம், நஞ்சப்பன் சத்திரம் என்ற குக்கிராமத்துக்கு மேலே, மூடுபனியில் அது விழுந்தது. அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் லான்ஸ் நாயக் சாய் தேஜா. எந்த ஊர்? நம் பழைய சித்தூர் மாவட்டம், குரபலகோட்டை மண்டலம், எகுவரேகட. நம் வீட்டுப் பிள்ளை! தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு போர்க்கால ஓடுதளத்திலிருந்து ஏறிய நம் சித்தூர்ப் பிள்ளை, நீலகிரி மலையில் விழுந்தார்.

அந்த நஞ்சப்பன் சத்திரத்து மக்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறவர்கள். நெருப்பு எரியும்போது குடத்திலும் வாளியிலும் தண்ணீர் கொண்டு ஓடினார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கத் தங்கள் வீட்டுக் கம்பளியையும் போர்வையையும் கொடுத்தார்கள். டிசம்பர் மாதத்து நீலகிரிக் குளிரில் போர்வையைக் கொடுத்தவர்கள் அவர்கள். எங்கள் ஊரிலேயே ஒரு நினைவுச் சின்னம் வையுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். ஊரில் விழுந்தவன் ஊருக்குச் சொந்தம். அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை அவர்கள். நடுகல் நட்டவர்களின் இரத்தம் அது.

எனவே நான் கேட்பது பெரிதல்ல, பெரியோர்களே. கோபுரம் வேண்டாம், மண்டபம் வேண்டாம், திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர வேண்டும் என்றுகூட இல்லை. உளுந்தூர்பேட்டையில் புல் முளைத்துக் கிடக்கும் ஓடுதளம், கயத்தாற்றில் வெடிப்பு விட்ட ஓடுதளம், செட்டிநாட்டில் முட்செடி மூடிய ஓடுதளம், மோட்டார்ப் பந்தயம் நடந்ததனால் மட்டும் பலருக்கு ஞாபகம் இருக்கும் சோழவரத்து ஓடுதளம், நம் பக்கத்து அரக்கோணம். ஒவ்வொன்றின் ஓரத்திலும், சாலையில் போகிறவர் நின்று படிக்கும்படி, இடுப்பு உயரத்துக்கு ஒரு கருங்கல். நம்மூர்க் கல் போதும். அதில் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுத்து. இந்தத் தளம் எந்த ஆண்டு போடப்பட்டது, எந்தப் படை இருந்தது, இங்கிருந்து ஏறித் திரும்பாதவர்கள் யார், அவர்களுடைய கல்லறையோ பெயரோ இப்போது எங்கே இருக்கிறது. அதற்குக் கீழே, இந்த மண்ணை வெட்டிச் சுமந்தவர்களின் பெயர்.

விமானிகளின் பெயர் கிடைத்துவிடும். படைப்பிரிவுகளின் அன்றாடக் குறிப்பேடுகள் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன, எத்தனை மணிக்கு ஏறினான், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதுவரை அதில் உண்டு. கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தந்தை பெயர், தாய் பெயர், ஊர்கூட இருக்கிறது. பொறுமையாக உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க நான்கு பேர் வேண்டும், அவ்வளவுதான்.

சுமந்தவர்களின் பெயர் எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. அது உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் அம்மா சொல்லியிருப்பார், “என் மாமியார் அரக்கோணத்துக்கு மண் சுமக்கப் போனவள்” என்று. உங்கள் தாத்தா சொல்லியிருப்பார், “ஏரோப்ளேன் மைதானத்தில் கல் உடைத்தேன், வாரச் சம்பளம் வாங்கினேன்” என்று. அதைக் கேட்டவர்களுக்கே இப்போது எண்பது வயது. இன்னும் ஐந்து வருடம் போனால் கேட்பதற்கும் ஆள் இருக்காது.

கூட்டம் முடிந்ததும் நான் போய்விடமாட்டேன். வாசலில் ஒரு மேசை போடச் சொல்லியிருக்கிறேன். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்திருக்கிறேன். பெயர், ஊர், யார் மகன், யார் மகள், எந்தத் தளத்துக்கு வேலைக்குப் போனார், எது தெரியுமோ அதை மட்டும் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன். தெலுங்கில் சொன்னாலும் சரி, தமிழில் சொன்னாலும் சரி. வீட்டில் நடக்க முடியாமல் படுத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாளைக் காலை நானே வருகிறேன். ரயில் எனக்கு மாலையில்தான்.

பிள்ளைகளே, நீங்கள் இப்போதே எழுந்து ஓடாதீர்கள். உங்கள் பாட்டியைக் கைப்பிடித்து அந்த மேசைக்கு அழைத்துவாருங்கள்.